75 வாட்டுக்குள் ஒரு கேமிங் பிசி

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பி, பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஏதாவது ஒரு கடை முன்னால் சற்று நேரம் நின்றால் போதும். ஒரே கேள்வி வெவ்வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டே இருக்கும். "அண்ணா, வீட்ல பழைய ஆபீஸ் சிஸ்டம் ஒண்ணு இருக்கு. கிராபிக்ஸ் கார்டு போட்டா ஜிடிஏ ஓடுமா?" கேட்கிற பையனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். பணம் தரப்போகிற அப்பா ஓரடி தள்ளி நின்று, இது எதில் போய் முடியுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைக்காரர் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேட்பார். "எத்தனாவது ஜென் தம்பி? டவரா, ஸ்லிம்மா? எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்?" முதல் கேள்விக்குப் பையன் டக்கென்று பதில் சொல்லிவிடுவான். இரண்டாவதற்கு மொபைலில் ஃபோட்டோ காட்டுவான். மூன்றாவதில், பெட்டிக்கு மின்சாரம் தரும் அந்த எஸ்எம்பிஎஸ் விஷயத்தில், முழிப்பான்.

அவன் முழிக்கும் அந்த இடத்தில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. ஐ5-ஆ ஐ7-ஆ என்று ஊரெல்லாம் பேசும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பெட்டியில் என்ன விளையாடலாம், என்ன முடியாது என்பதில் கடைசி வார்த்தை மின்சாரத்துடையது. பதினைந்தாயிரம் ரூபாயோடு கிளம்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

ஏசி அறையில் வளர்ந்த பெட்டிகள்

இந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் வீடுகளிலிருந்து வருவதில்லை. ஐடி நிறுவனங்களும் கால்சென்டர்களும் வங்கிகளும் சில வருட லீஸுக்கு எடுத்து, தவணை முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிட்டவை. வியாபாரத்தில் 'லீஸ் ரிட்டர்ன்' என்பார்கள். லாட் லாட்டாக ஏலத்தில் எடுத்து, தூசி தட்டி, விண்டோஸ் போட்டு விற்கிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் என்று மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அழகு என்று எதுவும் கிடையாது. கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு டிவிடி டிரைவ், பக்கவாட்டில் கம்பெனி ஒட்டிய சொத்து எண் ஸ்டிக்கர். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதியை ஏசி அறையில் எக்செல் மட்டும் ஓட்டிக் கழித்த பெட்டி இது. அதே வயதுடைய, வீட்டில் அடிபட்ட அசெம்பிள்டு கம்ப்யூட்டரைவிட மதர்போர்டு உறுதியாக இருக்கும்.

உதாரணத்துக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010. உள்ளே இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ5-3470. நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். அதற்கு அடுத்து 2013-இல் வந்தது 9020, நான்காம் தலைமுறைக்கானது. விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டெல் 2023-இல் புத்தம்புதிய கம்ப்யூட்டர் ஒன்றுக்கும் இதே 7010 என்ற பெயரை வைத்துத் தொலைத்தது. மாடல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'ஆஹா' என்று மயங்கவும் கூடாது, மிரளவும் கூடாது.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அப்போது ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட தேவைப் பட்டியலில், நன்றாக ஓடுவதற்குப் பரிந்துரைத்த இன்டெல் பிராசஸர் எது தெரியுமா? ஐ5-3470. அதே எண், அதே 3.2 கிகாஹெர்ட்ஸ். கூடவே 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 660 என்ற கார்டு. அதாவது, யாரோ ஒரு கணக்காளர் வவுச்சர் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில் பாதி கேமிங் கம்ப்யூட்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இல்லாதது மீதிப் பாதி. (2020 மே மாதம் எபிக் கேம்ஸ் கடை இந்த விளையாட்டை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. ஊரடங்கில் அதை வாங்கிப் போட்டுவிட்டு, ஓட்ட மெஷின் இல்லாமல் இன்றுவரை காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம்.)

எது தாமதப்படுத்துகிறது?

"லேக் ஆகுது" என்பது ஒரே வார்த்தை. அதற்குள் மூன்று நான்கு வெவ்வேறு வியாதிகள் இருக்கின்றன. எது என்று பார்க்காமல் பணத்தை எடுத்தால் பெரும்பாலும் தவறான பாகத்துக்குத்தான் போய்ச் சேரும்.

திரையில் நொடிக்கு 60 படங்கள் (60 எஃப்பிஎஸ்) ஓட வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் பிராசஸர், எந்தக் கார் எங்கே இருக்கிறது, யார் எந்தப் பக்கம் சுடுகிறார் என்று கணக்குப் போட்டு, 'இதை வரை' என்று கட்டளை கொடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அதை வரைந்து தள்ள வேண்டும். கல்யாணப் பந்தியில் சமையல்காரர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பரிமாற ஒரே ஆள் என்றால் இலை காலியாகத்தான் கிடக்கும். ஆள் பத்துப் பேர் இருந்து சாம்பார் இறங்கவில்லை என்றாலும் அதே கதிதான்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. விளையாட்டுக்குள் போய் ரெசல்யூஷனை ஒரேயடியாகக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் மூச்சுத் திணறியது கிராபிக்ஸ் பக்கம். குறைத்தும் எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் பிராசஸர் பக்கம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் விளையாடும்போதே திரையின் ஓரத்தில் இரண்டின் உழைப்பையும் சதவீதத்தில் காட்டும். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் அது தன்னால் முடிந்ததை எல்லாம் செய்கிறது என்று பொருள். 50, 60-இல் நின்றுகொண்டு ஆட்டம் விக்கினால், கார்டை மாற்றினாலும் விக்கல் நிற்காது.

மூன்றாவது வியாதி வேறு வகை. எஃப்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கும். காரை வேகமாக ஓட்டினால் மட்டும் அரை நொடி உறையும், கட்டடங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். அது ஹார்ட் டிஸ்க்கின் வேலை, அல்லது ராம் போதாமல் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருப்பது.

ஆபீஸ் பெட்டியில் தனிக் கார்டே இருக்காது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ்தான். 3470-இல் இருப்பது எச்டி 2500. திரையில் எழுத்தும் வீடியோவும் காட்டுவதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்ப்பது பாவம். ஆகவே இந்தப் பெட்டிகளைப் பொறுத்தவரை விடை முன்கூட்டியே தெரிந்ததுதான்: கார்டு வேண்டும். அந்தப் பதினைந்தாயிரத்தில் பாதியையாவது அதற்கு ஒதுக்குங்கள். ஐ5-ஐக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் ஐ7-3770 போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், பொருந்தும். கார்டு இல்லாத பெட்டியில் அதற்குச் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்த 75 வாட்

மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி அந்த ஸ்லாட் கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் கேபிள் தனியாக வர வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் செய்தவர்கள் அந்தக் கேபிளை வைக்கவே இல்லை. ஏன் வைக்கப்போகிறார்கள்? 7010 டவரில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் 275 வாட். ஸ்லிம் மாடலில் 240. 9020 டவரில் 290, ஸ்லிம்மில் 255. வவுச்சர் போட இதுவே தாராளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐ5-3470 அதிகபட்சமாக எடுக்கும் என்று இன்டெல் சொல்வது 77 வாட். கார்டு 75. போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 40, 50. மொத்தம் 200 சுற்றி வரும். 275-க்குள் நிம்மதியாக அடங்குகிறது. இந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் மேல் எழுதியிருப்பதை உண்மையிலேயே தரக்கூடியவை. கேபினெட்டோடு இலவசமாக வரும், '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்ட லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸை நான் அப்படி நம்ப மாட்டேன். நம்புவதா வேண்டாமா என்று பார்க்க, பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். பிராசஸருக்கும் கார்டுக்கும் போகக்கூடியது அவ்வளவுதான். மேலே எழுதியிருக்கும் 450 வெறும் அலங்காரம்.

ஆகவே தேட வேண்டியது கேபிள் இல்லாமல், ஸ்லாட்டிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுத்து ஓடும் கார்டு. இப்படி ஒரு பரம்பரையே உண்டு. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட். 2016 அக்டோபரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, 75 வாட். 2019 ஏப்ரலில் ஜிடிஎக்ஸ் 1650, அதே 4 ஜிபி, அதே 75. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் 2022 இறுதியில் உலகத்திலேயே அதிகம் பேரிடம் இருந்த கார்டு இந்த 1650-தான். விலையுயர்ந்த கார்டுகளைப் பற்றி யூடியூபில் எவ்வளவு கத்தினாலும் உலகம் விளையாடியது இதில்தான்.

கடைசியாக, 2024 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை வந்தது. 70 வாட், கேபிள் வேண்டாம். பில்லோடும் வாரண்டியோடும் புதிதாக வாங்க வசதி இருந்தால் இந்தப் பெட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பதினைந்தாயிரத்தில் மற்றதற்கு மிச்சம் வைக்காது என்பதுதான் சங்கடம். கவனிக்க வேண்டியது, 3050 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் உண்டு. அது கேபிள் கேட்கும். 1650-லும் இதே குழப்பம் இருக்கிறது. சில கம்பெனிகள் வேகத்தை ஏற்றி, 6 பின் கேபிளோடு வெளியிட்டிருக்கின்றன. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கார்டின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், அங்கே பிளக் இருக்கக்கூடாது.

செகண்ட்ஸில் 1050 டிஐ, 1650 இரண்டும் கிடைக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து 1050 டிஐ பக்கம் கை போகும். ஆனால் என்விடியா நிறுவனம் அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். 1650 அந்தக் கத்திக்குத் தப்பிய தலைமுறை. சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் 1650-ஐ எடுங்கள் என்பேன்.

ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 6400 என்று ஒன்று கிடைக்கும். 53 வாட்தான், சின்னதாக இருக்கும், ஸ்லிம் கேபினெட்டிலும் நுழையும். பார்த்தவுடன் ஆசை வரும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கார்டு ஸ்லாட்டின் பதினாறு பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை பிசிஐ இருக்கும் புது போர்டில் அது போதும். நம் பழைய போர்டில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. 4 ஜிபி நினைவகம் நிறைந்து வழியும் விளையாட்டுகளில் இது நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு, விளையாடுவதை ரெக்கார்டு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் இல்லை. இன்டெல்லின் ஆர்க் ஏ380 கார்டுக்கோ ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இருந்தாக வேண்டும். 2012-இன் ஆபீஸ் பெட்டியில் அதைத் தேடாதீர்கள்.

டவரா, ஸ்லிம்மா என்று கடைக்காரர் கேட்டதன் காரணம் இப்போது புரியும். ஸ்லிம் கேபினெட்டில் பாதி உயரக் கார்டு மட்டுமே நிற்கும். 1650-இலும் அந்த வகை உண்டு, ஆனால் தட்டுப்பாடு, அதனால் விலையும் அதிகம். இன்னும் பெட்டியே வாங்கவில்லை என்றால் டவராகப் பார்த்து வாங்குங்கள். மேஜையில் இடம் அடைக்கிறது என்று அம்மா சொன்னாலும் பரவாயில்லை.

580 என்னும் ஆசை

இந்த இடத்தில் கடையில் ஒரு குரல் கட்டாயம் எழும்: "1650 விலைக்கு ஆர்எக்ஸ் 580 8 ஜிபி தரேன், எடுத்துட்டுப் போ." உண்மைதான். 2017-இல் வந்த 580, வேகத்தில் 1650-ஐ முந்தும். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்ட உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கார்டுகள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் இப்படித் தோண்டும் முறையையே கைவிட்டது. ஒரே நாளில் அந்தக் கார்டுகளுக்கெல்லாம் வேலை போயிற்று. அவை செகண்ட்ஸ் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

தோண்டிய கார்டு எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபேன் தேய்ந்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றலாம். என் ஆட்சேபணை வேறு. 580 கேட்பது 185 வாட். அதற்கு எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும். 9020-இல் எஸ்எம்பிஎஸ் மாற்றப் போனால், டெல் தன் போர்டில் வழக்கமான 24 பின்னுக்குப் பதிலாக 8 பின் வைத்திருப்பது தெரியவரும். கன்வெர்ட்டர் கேபிள் தேட வேண்டும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் கரன்ட் போகும் சமயம் பார்த்து அதுவும் கூவும். மலிவாக வந்த கார்டு வீட்டையே மாற்றச் சொல்லும். இதில் 2018-இல் சீனச் சந்தைக்கென்று வந்த 2048 எஸ்பி என்ற, பெயருக்கு 580-ஆன, மெதுவான வகையும் கலந்திருக்கிறது.

போலிகள் இன்னொரு கதை. பத்து வருடத்துக்கு முந்தைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, '1050 டிஐ' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விண்டோஸும் அதை 1050 டிஐ என்றே காட்டும். ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். போலி என்று தெரிந்தால் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று எழுதிக் காட்டும். அதன்பின் கடையிலேயே கார்டைச் செருகி, ஃபர்மார்க் போன்ற சோதனையை பத்து நிமிடமாவது ஓட விடச் சொல்லுங்கள். திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால், நிறம் சிதறினால், வேண்டாம். நியாயமான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். 'டெஸ்டிங் வாரண்டி' என்று வாயால் சொல்வதை, கார்டின் சீரியல் எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள்.

சில்லறைச் செலவுகள்

8 ஜிபி ஒற்றை ராம் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். இரண்டு ஸ்லாட்டில் பிரித்துப் போட்டால் பிராசஸர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தரவை இழுக்கும். நினைவக வேகம் இரட்டிப்பாகும். இந்தப் பெட்டிகளுக்குத் தேவை டிடிஆர்3. புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களை 2025 இறுதியிலிருந்து ராம் விலை வாட்டுகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கான தன் குருஷியல் வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. பழைய ஆபீஸ் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிடிஆர்3 அந்தப் போட்டியில் இல்லாத சரக்கு.

எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது. ஆனால் மேலே சொன்ன அந்த அரை நொடி உறைதல் போகும். கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் டீ போட்டுக் குடிக்கும் வழக்கமும் போகும். சாட்டா வகை போதும்.

அதிகச் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றினால் உள்ளே கம்பளி போலத் தூசி. அடியில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. சென்னை மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, சூடு தாங்காமல் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் பலர் 'சிஸ்டம் பழசாயிடுச்சு' என்கிறார்கள்.

மானிட்டர் விஷயத்தில் பழசு நமக்குச் சாதகம். ஆபீஸ் பெட்டியோடு வரும் 1366-க்கு 768 மானிட்டரில் மொத்தம் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் இருபது லட்சத்து எழுபதாயிரம் சொச்சம். கார்டு வரைய வேண்டிய வேலை பாதியாகிறது. 75 வாட் கார்டுக்கு இது பெரிய நிவாரணம். ஃபுல் எச்டி மானிட்டரே இருந்தாலும், ஏஎம்டி 2021-இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் நுட்பம் இருக்கும் விளையாட்டுகளில், குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டலாம். என்விடியா கார்டுகளிலும் அது வேலை செய்யும்.

ஒரு தொல்லை: பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ பிளக் மட்டும்தான் இருக்கும், 1650-இல் அது கிடையாது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். கார்டைப் போட்டபிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். பழக்கதோஷத்தில் மதர்போர்டிலேயே செருகிவிட்டு, 'கார்டு வேலை செய்யலை' என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-இன் முடிவு

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். நம் பெட்டி இரண்டிலும் தேறாது. குறுக்குவழியில் 11-ஐ ஏற்றிவிடலாம் என்பார்கள், ஏறும். ஆனால் வேலரன்ட் போன்ற விளையாட்டு 11-இல் டிபிஎம் இருக்கிறதா என்று சோதிக்கும், இல்லையென்றால் உள்ளே விடாது. 10-இல் அந்தக் கெடுபிடி இல்லை. வேலரன்ட் ஆடத்தான் இத்தனை பாடு என்றால் 10-லேயே இருந்துகொண்டு, கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் வரை பெற்றுக்கொள்ளலாம். வீட்டு வங்கிக் கணக்கை மட்டும் அந்த மெஷினில் திறக்காதீர்கள்.

லினக்ஸ் இன்னொரு வழி. வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான், விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுகிறது. அந்த நிறுவனத்தின் கையடக்க கேமிங் கருவியான ஸ்டீம் டெக் முழுக்க அதை நம்பித்தான் நிற்கிறது. தனியாக ஆடும் கதை விளையாட்டுகள் பலவும் ஓடுகின்றன. ஆன்லைனில்தான் இடி. வேலரன்ட் ஓடாது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் புது ஏமாற்றுத் தடுப்பு வந்தபின் நின்றுவிட்டது. கதைப் பகுதி ஓடும்.

கரன்ட் பில்லையும் பார்த்துவிடலாம். அப்பா கேட்பார். 1650 போட்ட ஆபீஸ் பெட்டி ஆட்டத்தின்போது சுமார் 150 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 27 யூனிட். 350 வாட் இழுக்கும் பெட்டி என்றால் 63. தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுகிறது, அதிலும் 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு அடி பலம். கோடையில் ஏசியோடு அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

எதற்குச் செலவழிக்கக்கூடாது

2011-இலிருந்து அரசு தந்த விலையில்லா மடிக்கணினிதான் தமிழ்நாட்டில் பல வீடுகளின் முதல் கம்ப்யூட்டர். அதில் கேம் ஆட வைக்க முடியுமா என்ற கேள்வியும் கடைக்கு வருகிறது. ராம் கூட்டலாம், எஸ்எஸ்டி போடலாம். கிராபிக்ஸ் கார்டு போட இடமே இல்லை. அதோடு விட்டுவிட்டு, அது ஓட்டக்கூடியதை ஆடுங்கள். டொரண்டோவில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையில் நடக்கும் 'வெண்பா' 2023-இல் வந்தது, மறுவருடம் பாஃப்டா விருதும் வாங்கியது. அதற்கு 75 வாட் கார்டெல்லாம் தேவையில்லை. 'ஸ்டார்டியூ வேலி'யும் அப்படித்தான்.

கோர் 2 டுவோ, முதல் தலைமுறை ஐ3 என்று பெட்டி இருந்தால் கார்டு வாங்காதீர்கள். அந்தக் காலத்து போர்டுகளில் யுஇஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸ் இல்லாததால் புதிய கார்டைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். மூன்றாம் தலைமுறைக்கும் ஒரு எல்லை உண்டு: ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி அதில் கிடையாது, நான்காம் தலைமுறையில்தான் வந்தது. சில புதிய விளையாட்டுகள் அது இல்லையென்றால் திறக்கவே மறுக்கின்றன. ஆகவே 7010-க்கும் 9020-க்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றென்றால் 9020 பக்கம் போவதே புத்தி. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்', 2025-இன் 'டூம்: த டார்க் ஏஜஸ்' போன்றவை ரே டிரேசிங் வன்பொருள் உள்ள கார்டைக் கேட்கின்றன. 1650-ஐ வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். 2015-இன் 'விட்சர் 3' இருக்கிறது. அதையே ஆடி முடிக்க மாதக்கணக்காகும்.

ஒருநாள் இந்தப் பெட்டியும் போதாமல் போகும். அப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்க வேண்டியது எட்டாம் தலைமுறை: ஆப்டிபிளெக்ஸ் 7060 போன்றவை, ஆறு கோர் ஐ5-8500-உடன், விண்டோஸ் 11 முறையாக ஏறும். அவையும் இப்போது லீஸ் முடிந்து வந்துகொண்டிருக்கின்றன. அதிலும் டவரே கேளுங்கள். கேபிள் கேட்காத கார்டு என்பதால் உங்கள் 1650 அப்படியே அங்கே போய் உட்காரும், எஸ்எஸ்டியும் கூடவே வரும். ராம் மட்டும் வராது, அங்கே டிடிஆர்4. பழைய பெட்டியை டிடிஆர்3-உடன் சேர்த்தே விற்றுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டின் ஆதார் நகல்களும் பான் கார்டு ஸ்கேன்களும் அதில்தான் இருக்கும்.